கோதாவரிக் கரையில் கடைசி குரு

சீக்கியர்களின் உயர் சமய பீடங்களான ஐந்து தக்துகளில் இரண்டு பஞ்சாபுக்கு வெளியே இருக்கின்றன. பத்தாவது குரு கோவிந்த் சிங் பிறந்த பாட்னா ஒன்று. அவர் உடல் நீத்த நாந்தேடு இன்னொன்று. மகாராஷ்டிரத்தில், கோதாவரிக் கரையில் இருக்கிறது நாந்தேடு. அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குப் போய்வந்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். பஞ்சாபியர் ஹஸூர் சாஹிப் என்று உருகும் இந்தத் தலத்துக்கோ நம்மவர்கள் அவ்வளவாகப் போவதில்லை. போக வேண்டிய இடம்.

1708-ல் முகலாய மன்னர் பகதூர் ஷா தக்காணத்துக்குப் படையெடுத்து வந்தபோது குருவும் உடன் வந்தார், நாந்தேடிலேயே தங்கிவிட்டார். நான்கு பிள்ளைகளில் இருவரைப் போர்க்களத்திலும் இருவரைச் சிர்ஹிந்து நவாபின் கொடுமையிலும் பறிகொடுத்த தகப்பன் அவர். ஆற்றங்கரையில் மடம் அமைத்திருந்த மாதோ தாஸ் என்ற பைராகி அவரிடம் சரணடைந்தார். அந்தத் துறவிதான் பந்தா சிங் பகதூர் என்ற பெயரோடு பஞ்சாபுக்குப் போய், 1710-ல் சிர்ஹிந்தைப் பிடித்தவர். அந்தச் செய்தி கேட்கக் குரு இல்லை. பட்டாணியன் ஒருவன் கத்தியால் குத்திய புண் ஆறிவந்த வேளையில், வில்லை வளைத்தபோது தையல் பிரிந்தது என்பார்கள். அக்டோபர் 7 அன்று மறைந்தார். வயது 41.

அதற்கு முன் சீக்கியரின் புனித நூலான கிரந்தத்தின் எதிரே ஐந்து காசும் தேங்காயும் வைத்து வணங்கி, இனி மனிதர் எவரும் குரு இல்லை, இந்த நூலே குரு என்று அறிவித்தார் என்பது மரபு. குரு நானக்கிலிருந்து பத்துப் பேர் வழியாக வந்த பரம்பரை இந்த ஊரில் ஒரு நூலாயிற்று. 1430 பக்கங்கள். அதில் பண்டரிபுரத்து விட்டலனைப் பாடிய நாமதேவரின் 61 பாடல்களும் உண்டு. அவர் பிறந்ததாகச் சொல்லப்படும் நர்சி கிராமம் பக்கத்து ஹிங்கோலி மாவட்டத்தில்தான் இருக்கிறது.

மகாராஜா ரஞ்சித் சிங் 1830-களில் எழுப்பிய வெண்ணிறக் கட்டடம் இப்போதிருப்பது. தலையை மூடி, கால் நனைத்து உள்ளே போனால் எதிரே பொன் தகடு வேய்ந்த அங்கீடா சாஹிப். குருவின் சிதை எரிந்த இடம். வாள், வில், அம்பு, கேடயம் என்று அவருடைய ஆயுதங்கள் அங்கே காக்கப்படுகின்றன. பூசகர் தவிர யாரும் உள்ளே போகக்கூடாது. வாசலில் நின்று வணங்கவேண்டியதுதான். தினமும் அதிகாலையில் கோதாவரியிலிருந்து குடத்தில் நீர் சுமந்துவந்து அந்த இடத்தைக் கழுவுகிறார்கள். மனிதரை வணங்காதே என்று சொன்னவரின் சாம்பலுக்கு இவ்வளவு உபசாரம். முரண்தான், ஆனால் அந்த வாசலில் நிற்கும்போது எனக்கு அது உறுத்தவில்லை.

இன்னொரு விசேஷம், மாலை ஆரத்தி. பெரும்பாலான குருத்வாராக்களில் பாட்டு மட்டும். இங்கே தட்டில் நெய் விளக்கேற்றிச் சுற்றுகிறார்கள். பாடுவதோ, வானமே தட்டு, சூரியனும் சந்திரனுமே விளக்கு, விண்மீன்களே முத்து என்று குரு நானக் பூரியில் பாடியதாகச் சொல்லும் பாட்டு. விளக்கே வேண்டாம் என்கிற பாட்டுக்கு விளக்கைச் சுற்றுவதா என்று பஞ்சாபில் சிலர் முகம் சுளிப்பதுண்டு. ஹஸூர் சாஹிப்காரர்கள் தங்கள் பழைய மரபை விடுவதாயில்லை. முரசு முழங்க, தீபச்சுடர் மேலெழும்போது, தீபாராதனை பார்த்து வளர்ந்த என் கைகள் தாமாகக் குவிந்தன.

வெளியே வந்ததும் கடா பிரசாதம். கோதுமை மாவு, சர்க்கரை, நெய் மூன்றும் சம அளவு. இரு கை நீட்டித்தான் வாங்கவேண்டும்; விரலிடுக்கெல்லாம் நெய் வழியும், துடைக்க மனம் வராது. எல்லோருக்கும் இலவசமாக உணவிடும் லங்கரில் ரொட்டிக்கும் அதே இரு கை. தீபாவளியை ஒட்டிப் போகிறவர்களுக்குக் கூடுதல் பாக்கியம்: குருவின் ஆயுதங்களைக் கோதாவரி நீரால் கழுவும் தக்த் இஸ்நான் அப்போதுதான். கூட்டம் நெருக்கும், தங்குமிடத்துக்கு முன்பே சொல்லி வைத்துவிடுங்கள்.