வளைவில் ஒரு மில்லிமீட்டர்

மாடல் ரயில் பாதையில் அதே வளைவு, அதே பெட்டி, இன்று மூன்றாவது தடவை தடம் இறங்கியது.

பழி, ரயில் வளைவில் உள்பக்கம் சாய்ந்து போக வெளித் தண்டவாளத்தை உயர்த்தியதன் மேல் விழுந்தது. பிசகு அதில் இல்லை. வளைவு தொடங்கும் இடத்தில் 1 மி.மீ. பிளாஸ்டிக் பட்டையை ஒரே படியாகச் சொருகியிருக்கிறது. அங்கே பாதை முறுக்கிக்கொள்ளும், ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும், சக்கரத்தைத் தடத்தில் பிடித்துவைக்கும் விளிம்பு தண்டவாளத்தின் மேல் ஏறிவிடும்.

மாஸ்கிங் டேப் போதும். ஸ்லீப்பர்களின் (தண்டவாளத்துக்கு அடியிலுள்ள குறுக்குக் கட்டைகள்) வெளிப்பக்க நுனிகளுக்கு அடியில், பாதையைத் தாங்கும் கார்க் மேல் ஒட்ட வேண்டும். ஒவ்வொரு அடுக்கும் முந்தையதைவிட 7, 8 செ.மீ. தள்ளித் தொடங்கட்டும். ஏழெட்டு அடுக்கில் சுமார் 1 மி.மீ. வந்துவிடும். வளைவு முடியும் பக்கமும் இதேபோல் படிப்படியாக இறக்கணும். தடம் பிரியும் ஸ்விட்ச் இருக்கும் இடத்தில் மட்டும் வேண்டாம்.

நிஜப் பாதையின் 6 அங்குல உயர்வு, எச்.ஓ. என்ற 1:87 மாடல் அளவில் 1.75 மி.மீ. அவ்வளவு ஆசைப்படக்கூடாது.

நிஜ ரயிலுக்கு இந்தச் சாய்வு வேகத்துக்காக. மாடலில் வெறும் அழகுக்குத்தான் (அந்த அழகுக்கு எவ்வளவு மெனக்கெட்டாலும் தகும்!). உண்மையில் தொல்லையே கூடும்: நீளமான ரயிலை எஞ்சின் இழுக்கும்போது நடுவிலுள்ள எடையில்லாத பெட்டிகள் உள்பக்கமாகக் கவிழப் பார்க்கும். அவற்றின் அடியில் கொஞ்சம் ஈயம் ஒட்டுங்கள்.