மாவுக்கட்டு

ஜூன் 4
பாப்பாவின் உடைந்த காலில் போட்ட கட்டு முழுசாகக் காய இரண்டு மூன்று நாள் ஆகுமாம். நசுங்கிவிடுமோ என்று இரவெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அவள் தூங்கினாள்.

ஜூன் 6
ஒரு இடத்தில் நிற்காத பிள்ளை. காலையெல்லாம் அழுகை. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் நாளுக்கு 180 நிமிடமாவது உடம்பை அசைக்க வேண்டும், அதில் 60 நிமிடம் மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்று 2019-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. இந்தக் கணக்கு மண்டைக்குள்ளேயே சுற்றுகிறது. போனைக் கொடுத்து உட்கார வை என்கிறார்கள். உட்கார்ந்து திரை பார்ப்பது ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. கொடுக்க மாட்டேன்.

ஜூன் 9
பொத்தான் டப்பா. சின்னதையெல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டேன். வாயில் போட்டாலும் ஆபத்து, கட்டுக்குள் நழுவினாலும் வம்பு. முதலில் நிறம் பார்த்துப் பிரித்தாள். அப்புறம் எல்லாவற்றையும் கலைத்துவிட்டு, இரண்டு துளை இந்தப் பக்கம், நாலு துளை அந்தப் பக்கம். யாரும் சொல்லித் தரவில்லை! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஐந்து பொத்தானை விரல் வைத்து எண்ணினாள். "மொத்தம் எத்தனை?" என்றேன். மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள்.

ஜூன் 10
எத்தனை? மறுபடி ஒன்றிலிருந்து.

ஜூன் 14
காலில் பிளாஸ்டிக் பை சுற்றிவிட்டுத் தண்ணீர் விளையாட்டு. இரண்டு டம்ளரில் ஒரே அளவு. ஒன்றை ஒல்லிப் பாட்டிலில் ஊற்றினாள். "இதுலதான் நிறைய இருக்கு." குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே பிள்ளைகளிடம் செய்து பார்த்த அதே சோதனை. பாத்திரம் மாறினாலும் அளவு மாறாது என்பது ஏழு வயதை ஒட்டித்தான் தெளியும் என்றார் அவர். நான் திருத்தவில்லை. ஊற்றி ஊற்றிப் பார்க்கட்டும். பொத்தான் எண்ணுவதும் அப்படித்தான்: எண்களை வரிசையாக ஒப்பிப்பது முதலில் வரும், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது பிறகுதான் பிடிபடும். தெரிந்தும் மனசு கேட்கவில்லை.

ஜூன் 17
தூக்கமில்லை. 180.

ஜூன் 21
கரடிபொம்மைக்குக் கால் உடைந்துவிட்டது. துண்டைச் சுற்றிக் கட்டு போட்டாள். "அரிக்கும். குச்சி விடக் கூடாது. அழலாம், பரவாயில்லை." டாக்டர் சொன்னது, நான் சொன்னது, அவளாகச் சேர்த்தது எல்லாம் அதில் இருந்தது. "கரடிக்கு நாலு மாத்திரை" என்று என் உள்ளங்கையில் பொத்தான்களை வைத்தாள். பார்த்தேன். நாலு. நான் எதுவும் கேட்கவில்லை.

ஜூன் 26
நாளைக்குக் கட்டுப் பிரிப்பு. அந்த ரம்பத்தின் சத்தத்துக்குத்தான் பயப்படுவாள். அது சுழலாது, அதிரும்; கெட்டியான கட்டைத்தான் அறுக்கும். சாயங்காலம் கரடியின் கட்டை முதலில் பிரித்துக் காட்ட வேண்டும், ர்ர்ர் என்று சத்தம் போட்டு.