தங்கம் வாங்காத பெரியப்பாவுக்கு ஒரு பேனர்

எப்போது 70 வயது ஆகும் என்று காலண்டரில் வட்டம் போட்டுக் காத்திருந்தவர், எனக்குத் தெரிந்து எங்கள் பெரியப்பா ஒருவர்தான். பீமரத சாந்தி செய்துகொள்ளும் ஆசையெல்லாம் இல்லை. "69ல நான்தான்டா அந்தப் பிரிவுலயே கிழவன். 70 ஆயிட்டா நான்தான் இளவட்டம்" என்பார். மூத்தோர் தடகளத்தில் கணக்கே தனி. 35 வயதில் தொடங்கி ஐந்தைந்து வருடமாகப் பிரித்து ஓட விடுவார்கள். 65 முதல் 69 வரை ஒரு பிரிவு, 70 முதல் 74 வரை அடுத்தது. புதுப் பிரிவுக்குள் நுழையும் வருடம்தான் ஓட்டக்காரர்களுக்கு யோக வருடம்.

இதில் ஒரு சின்ன சிக்கல். பெரியப்பாவின் பிறந்த தேதி 1.6.1955. வடாற்காடு கிராமங்களில் அந்தக் காலத்தில் பாதிப் பேர் ஜூன் 1ஆம் தேதிதான் பிறந்தார்கள். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார் வாத்தியார், தொட்டுவிட்டால் ஐந்து வயது, எழுது ஜூன் ஒன்று. ஆனால் ஐப்பசி அடைமழையில் பிறந்தவன் என்று எங்கள் ஆயா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஆயா கணக்குப்படி போன வருடம் ஜூலையில் பெரியப்பாவுக்கு 69தான். பாஸ்போர்ட் கணக்குப்படி 70. மைதானத்தில் ஆயா சொல் எடுபடாது.

இந்தப் பேச்சு வந்தால் பெரியப்பா உடனே ஃபவுஜா சிங்கை இழுப்பார். பஞ்சாபில் பிறந்து பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருந்தவர். 2011 அக்டோபரில், தன் 100வது வயதில், கனடாவின் டொரோன்டோவுக்குப் போய் ஒரே நாளில் அந்த வயதுக்கான எட்டு சாதனைகளைப் படைத்தார். அது போதாதென்று அதே வாரத்தில் 8 மணி 11 நிமிடத்தில் முழு மாரத்தானையும் ஓடி முடித்தார். பாஸ்போர்ட்டில் பிறந்த தேதி 1.4.1911 என்று இருந்தும், பிறப்புச் சான்றிதழ் கேட்டு கின்னஸ்காரர்கள் சாதனையை ஏற்கவில்லை. "ஏப்ரல் ஒண்ணுக்கே அந்த கதின்னா ஜூன் ஒண்ணு எம்மாத்திரம்?" என்று பெரியப்பா பெருமூச்சு விடுவார், என்னவோ இவருக்கும் கின்னஸிலிருந்து ஆள் வந்து வாசலில் நிற்பதுபோல.

அடுத்து மன் கவுர். 2017இல் ஆக்லாந்தில், 101 வயதில் 100 மீட்டரை 74.59 விநாடியில் கடந்தவர். அவர் வயதுப் பிரிவில் ஓடியதே அவர் ஒருவர்தான். 2022இல் பின்லாந்தின் தம்பேரே நகரில் 94 வயது பகவானி தேவி அதே தூரத்தை 24.74 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். பெரியப்பா இதையெல்லாம் விநாடி சுத்தமாக ஒப்பிப்பார். பெரியம்மா காய் நறுக்கிக்கொண்டே கேட்டது ஒரே கேள்விதான்: "அன்னிக்கு அந்தம்மா வீட்டுல யாரு சோறாக்கினாங்களாம்?"

பயிற்சிக்குக் காலையில் வேலூர்க் கோட்டை மைதானம். ஞாயிறென்றால் விருதம்பட்டுப் பக்கம் பாலாற்றுக்குள் இறங்கிவிடுவார். ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு என்று எங்கள் ஊரைக் கிண்டல் செய்வார்களே, இரண்டிலும் ஓடிப் பயன் கண்டவர் அவர். மணலில் ஓடினால் தொடைக்கு வலு என்பார். வருடா வருடம் மணல் குறைந்துகொண்டே போவதில் ஆற்றைவிட அவருக்குத்தான் வருத்தம்.

போன வருடம் மகள் வீட்டுக்கு அமெரிக்கா கிளம்பினார். முழங்கால் வலியோடு அத்தனை மணி நேரம் உட்கார முடியாது என்று பெரியம்மா இங்கேயே தங்கிவிட்டார். பேரனைப் பார்த்துக்கொள்ளத்தான் போகிறார் என்று எல்லோரும் நம்பினோம். பெட்டியை எடை போட்டபோது வடாம் பொட்டலத்துக்கு அடியில் ஸ்பைக் ஷூ அகப்பட்டது. அதற்கு இடம் விட்டு இரண்டு கிலோ புளி வேலூரிலேயே தங்கியது.

அங்கே போன கொஞ்ச நாளில், அந்தப் பக்கத்து மூத்தோர் சாம்பியன்ஷிப்பில் 400 மீட்டருக்குப் பெயர் கொடுத்துவிட்டார். எங்களுக்கு முதலில் வந்த பயம் விசா. சுற்றுலா விசாவில் போனவர் அங்கே ஓட்டப் பந்தயம் ஓடினால் பிடித்து அனுப்பிவிட மாட்டார்களா? அக்கா விசாரித்துச் சொன்னாள். பி2 விசாவில் இருப்பவர் பணம் வாங்காமல் விளையாட்டுப் போட்டியில் கலந்துகொள்ளலாம். பணம் வாங்குவது என்ற பேச்சே அங்கே எழவில்லை. நுழைவுக் கட்டணத்தை இவர்தான் கட்டினார். மூத்தோர் தடகளத்தில் பெரும்பாலும் கைக்காசுதான். டிக்கெட், சாப்பாடு, தைலம் வரைக்கும்.

ஓட்டம் அங்கே காலை 11 மணி, நமக்கு இரவு 8.30. சத்துவாச்சாரியில் பெரியம்மா வீட்டில் நாங்கள் எல்லோரும் ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்தோம். பெரியம்மாவின் தம்பி, எங்கள் மாமாவும் வந்திருந்தார். மாமாவுக்குக் கட்சியில் ஏதோ பொறுப்பு உண்டு. என்ன பொறுப்பு என்று சரியாகத் தெரியாது, ஆனால் பேனர் அடிப்பதில் இந்த வட்டாரத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. சத்துவாச்சாரிக்குத் தங்கம் புதிதும் இல்லை. பளுதூக்கும் சதீஷ் சிவலிங்கம் இங்கிருந்து போய்த்தான் 2014இல் கிளாஸ்கோவிலும் 2018இல் கோல்ட் கோஸ்ட்டிலும் காமன்வெல்த் தங்கம் வாங்கினார். அடுத்த தங்கம் நம் குடும்பத்துக்கு என்று மாமா முடிவு கட்டிவிட்டார்.

எட்டுப் பேர் கோட்டில் நின்றார்கள். சிலர் குனிந்து பிளாக்கில் கால் வைத்தார்கள். பெரியப்பா நேராக நின்றார். மூத்தோர் போட்டியில் குனிந்துதான் கிளம்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

"இன்னாபா, ஆற்காடு பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிக்கிறாரு" என்றார் மாமா.

துப்பாக்கி வெடித்தது. முதல் வளைவு வரை படம் தெளிவாக வந்தது, பிறகு கட்டம் கட்டமாக உடைந்தது. மறுபடி சரியானபோது பெரியப்பா கடைசி ஐம்பது மீட்டரில் வாயைத் திறந்தபடி வந்துகொண்டிருந்தார். முன்னால் இரண்டு பெண்கள், ஒரு ஒல்லித் தாத்தா. நான்காவதாகக் கோட்டைத் தாண்டினார்.

"பொம்பளைங்ககூடவா ஓட வுட்டாங்க?" என்றார் பெரியம்மா. மாமா எழுந்து சட்டையை உதறிக்கொண்டு, "சரி, வயசாயிடுச்சில்ல" என்றார்.

பத்து நிமிடத்தில் அக்காவிடமிருந்து செய்தி. ஆள் குறைவாக இருந்தால் பல பிரிவுகளைச் சேர்த்து ஒரே ஓட்டமாக விட்டுவிட்டு, முடிவை மட்டும் தனித்தனியாகப் பிரிப்பார்களாம். அந்தப் பெண்கள் 60 வயதுப் பிரிவு, தாத்தா 75. ஆண்கள் 70 முதல் 74 பிரிவில் பெரியப்பாதான் முதல். 1 நிமிடம் 29 விநாடி.

மாமா அப்போதே வாசலுக்குப் போய் பேனர் கடைக்காரருக்குப் போன் போட்டுவிட்டார். "அமெரிக்காவில் தங்கம் வென்ற வேலூர் சிங்கம்னு போடு. பத்துக்கு எட்டு."

அடுத்த செய்தி வந்தபோது அவர் இன்னும் போனில்தான் இருந்தார். முதல் இடம் உண்டு, தங்கம் கிடையாது. பெரியப்பா விருந்தினராகப் பதிவு செய்தவர். ஓடலாம், எடுத்த நேரம் முடிவுப் பட்டியலில் ஏறும், பட்டமும் பதக்கமும் மட்டும் உள்ளூர்க்காரருக்கு. இவருக்கு ஐந்து விநாடி பின்னால் வந்த 72 வயது அமெரிக்கர் தங்கம் வாங்கினார். வீட்டில் பெரிய கொந்தளிப்பு. வெள்ளைக்காரன் புத்தி என்றார் ஒருவர். கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கலாமா என்று யோசித்தார் மாமா.

பெரியப்பா மட்டும் போனில் சிரித்தார். படிவத்திலேயே விதி இருந்ததாம், படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாராம். "2019 வரைக்கும் ராணிப்பேட்டையும் நம்ம மாவட்டம். இப்ப ராணிப்பேட்டைக்காரன் இங்க வந்து முதல்ல ஓடிட்டா, வேலூர் மாவட்ட சாம்பியன்னு அவனுக்குக் குடுப்பியாடா? அவங்க ஊர்ப் பட்டம் அவங்களுக்கு. எனக்கு 90க்குக் கீழ வரணும், வந்துட்டேன்." பெரியம்மா குறுக்கே புகுந்து, டிக்கெட் போட்ட காசுக்கு லாங்கு பஜாரில் தங்கமாகவே வாங்கியிருக்கலாம் என்று சவரன் விலையோடு சொன்னார். அதற்கு மட்டும் பெரியப்பாவிடம் பதில் இல்லை.

பேனரை நிறுத்த மாமாவுக்கு மனம் வரவில்லை, முன்பணம் வேறு கொடுத்தாயிற்று. வாசகம் "அமெரிக்காவில் முதலிடம்" என்று மாறியது. அக்கா அனுப்பிய படத்தில்தான் வினை. அந்த அமெரிக்கர் நல்ல மனிதர் போலிருக்கிறது, படம் எடுக்கட்டும் என்று தன் பதக்கத்தைக் கழற்றிப் பெரியப்பா கழுத்தில் மாட்டிவிட்டிருந்தார். அடுத்தவர் பதக்கத்தோடு பேனரில் நிற்க மாட்டேன் என்று பெரியப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பதக்கத்தை எடுங்கள், என் பிரிவு என்னவென்று நாலு பேருக்குத் தெரிகிற மாதிரி பிறந்த தேதியையும் ஓடிய தேதியையும் கீழே போடுங்கள் என்றார்.

கடைக்காரர் சொன்னதைத்தான் செய்தார். பதக்கத்தை எடுத்தார். ரிப்பனை அழித்த இடம் கழுத்தில் அசிங்கமாகத் தெரிந்ததால் அதன்மேல் ஒரு ரோஜா மாலையைப் போட்டார். படத்துக்குக் கீழே இடது பக்கம் 1.6.1955, வலது பக்கம் ஓடிய தேதி. பின்னணியில் கொஞ்சம் மேகம். "முதலிடம்" என்ற எழுத்தை அந்த மேகம் பாதி விழுங்கியிருந்தது.

ராத்திரியோடு ராத்திரியாகக் காம்பவுண்டுச் சுவரில் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். விடிகாலை பால்காரர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார். எதிர்வீட்டு அம்மா தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, "அக்கா, ஒரு வார்த்தை சொல்லலியே" என்று அழுதபடி ஓடி வந்தார். கதவைத் திறந்த பெரியம்மா மல்லிகைப்பூவும் கையில் தோசைக் கரண்டியுமாக நிற்கவே, அவர் இன்னும் பயந்துபோனார். எட்டு மணிக்குள் ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். வந்த எல்லோருக்கும் பெரியம்மா காபி கொடுத்து, ஆள் உயிரோடு இருப்பதாகவும் அமெரிக்காவில் ஓடிக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். பாதிப் பேர் நம்பவில்லை.

பெரியப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் மட்டும் எதையும் கேட்கும் நிலையில் இல்லை. "அண்ணன்கிட்ட கைமாத்தா வாங்குனது. கடனோட அனுப்பக் கூடாது" என்று ஐயாயிரம் ரூபாயைப் பெரியம்மா கையில் திணித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

மாமா ஏணியும் ஆளுமாக வந்து பேனரைக் கழற்றத் தொடங்கினார். நான் பெரியப்பாவுக்குப் போன் போட்டு நடந்ததையெல்லாம் சொன்னேன். மாலை, தேதி, பால்காரர் எல்லாவற்றுக்கும் விழுந்து விழுந்து சிரித்தார். ஐயாயிரத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"இன்னும் ரெண்டு பேர் தரணும்டா. அந்தப் பேனர் சாயந்தரம் வரைக்கும் இருக்கட்டும்னு மாமாகிட்ட சொல்லு."