எங்கள் தாத்தா போர்ட்டோக்காரரே இல்லை

"தாத்தா போர்ட்டோவில் பிறந்தவர்" என்பது எங்கள் குடும்பத்தில் வேதவாக்கு. போர்ச்சுகல்காரரின் பேரன் என்ற முறையில் அந்நாட்டுக் குடியுரிமை கேட்க, தாத்தா மனுவேலின் பிறப்புப் பதிவு எனக்கு வேண்டும். குடும்பப் பேச்சை நம்பி ஏழு மாதம் பிரேசிலில், சாவோ பாவ்லோவில் உட்கார்ந்துகொண்டு, போர்ட்டோ மாவட்டத்துப் பழைய திருமுழுக்குப் பதிவேடுகளை இணையத்தில் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். கண் எரிந்ததுதான் மிச்சம். மனிதர் அங்கே கப்பல் மட்டும்தான் ஏறியிருக்கிறார்.

தாத்தாவின் திருமணச் சான்றிதழில் 'போர்ச்சுகலில் பிறந்தவர்' என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. ஊர் கடைசியில் கிடைத்தது, திருமணத்துக்கு முன் இங்கே பதிவு அலுவலகத்தில் தாத்தாவும் பாட்டியும் கொடுத்த விண்ணப்பக் கோப்பில். அதைக் கேட்டபோது எழுத்தர் தலையை நிமிர்த்தாமலே, "கரையான் தின்றிருக்கும்" என்றார். மூன்றாவது முறை எழுத்தில் மனு கொடுத்தேன். கரையான் தின்னவில்லை. விலா ரெயால் மாவட்டத்தில் ஒரு சிற்றூர்!

அந்த ஊர்த் தேவாலயப் பங்கின் 1905ஆம் ஆண்டுப் பதிவேட்டைத் திறந்தால் மூன்று மனுவேல்கள். போர்ச்சுகலில் 1911இல்தான் குடிமைப் பதிவு கட்டாயமானது; அதற்கு முன் பாதிரியார் குழந்தையின் பெயரை மட்டும் எழுதுவார், குடும்பப் பெயர் இருக்காது. பெற்றோர் பெயரோடு இருபுறத்துத் தாத்தா பாட்டி பெயர்களையும் ஒப்பிட்டுத்தான் எங்கள் மனுவேலைப் பிடித்தேன்.

அடுத்தது என் சொந்த முட்டாள்தனம். அப்பாவின் பிறப்புச் சான்றிதழைச் சுருக்க வடிவில் வாங்கி, அதற்குக் காசு கொடுத்து, வெளிநாட்டில் ஏற்கச் செய்யும் அப்போஸ்டில் சான்று முத்திரையும் போட்டுவிட்டேன். செல்லாது. பதிவேட்டில் உள்ளதை வரி விடாமல் தரும் முழுப் பிரதிதான் வேண்டும். பிறப்பை யார் வந்து பதிவு செய்தார்கள் என்பது அதில்தான் தெரியும். பெற்றோருக்குத் திருமணம் ஆகாமல் தாய் மட்டும் போய்ப் பதிந்திருந்தால் பெரிய சிக்கல். பிள்ளை உரிய வயதை அடைவதற்குள் தந்தை ஏற்றுக்கொண்டதைக் காட்டச் சொல்வார்கள். எங்கள் தாத்தா தானே போய்க் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்தக் கோணல் கையெழுத்தைப் பார்த்த அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

குற்றப் பின்னணிச் சான்று ஒரே நாளில் வந்தது. பிரேசிலில் பிறந்தவன் என்பதால் மொழித் தேர்வு இல்லை. லிஸ்பனுக்கு அனுப்பினேன், காத்திருந்தேன், கிடைத்தது.

போன வாரம் சித்தப்பா மகன் கூப்பிட்டான். "அண்ணா, நானும் போடப்போகிறேன். தாத்தா போர்ட்டோதானே?" முதலில் சித்தப்பா பெயரில் போடச் சொன்னேன். அவர் தாத்தாவின் மகன் என்ற முறையில் குடியுரிமை வாங்கிவிட்டால், இவனும் பேரன் வழியில் அலையாமல் மகனாகவே கேட்கலாம். என் அப்பா இருந்தவரை எனக்கு இது தெரியாமல் போயிற்று.