மல்லிகார்ஜுனருக்கு மிஞ்சிய தண்ணீர்

திருவண்ணாமலைக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன், ஆனால் அங்கிருந்து 30 கிலோமீட்டர் சுமாரில் இருக்கும் பர்வதமலைக்கு இந்தப் பௌர்ணமிக்குத்தான் முதல்முறை ஏறினேன். 4,500 அடிக்கு மேல் உயரம். உச்சியில் மல்லிகார்ஜுனரும் பிரமராம்பிகையும், ஸ்ரீசைலத்தில் இருக்கும் அதே பெயர்களில்.

இந்த மலையில் எனக்குப் பெரிய ஈர்ப்பே நம் கையாலேயே சாமிக்கு அபிஷேகம் செய்யலாம் என்பதுதான். அதற்காகவே ஒரு லிட்டர் பால், ஐந்து லிட்டர் கேனில் தண்ணீர், வில்வம் எல்லாம் எடுத்துக்கொண்டு தென்மகாதேவமங்கலம் வழியாக ராத்திரி பத்து மணிக்குக் கிளம்பினோம். மாமா (அக்கா வீட்டுக்காரர்) அப்போதே சொன்னார், "மாப்ள, அந்தக் கேன் வேணாம், தோள் கழண்டுடும்." கேட்கவில்லை.

படிக்கட்டு இருக்கும் வரை சமாளித்தேன். அப்புறம் வெறும் பாறையும் வேருமாக வழி செங்குத்தாகப் போக, சாமிக்கென்று வைத்திருந்த தண்ணீரில் முதலில் ஒரு வாய், பிறகு ஒரு மடக்கு, பிறகு மாமாவும் நானும் வெட்கமில்லாமல் மாறி மாறி. கடப்பாரைப் படிக்கு வந்தபோது கேன் முக்கால்வாசி காலி. பாறையில் கடப்பாரைகளை அடித்து இறக்கியிருக்கிறார்கள், சங்கிலியைப் பிடித்துக்கொண்டு அவற்றில் கால் வைத்து ஏற வேண்டும். நிலா வெளிச்சத்தில் கீழே பார்க்காதீர்கள், நான் பார்த்துவிட்டேன்.

சங்க காலத்திலேயே இது நவிரமலை. செங்கத்து அரசன் நன்னனைப் பாடிய சங்க நூலான மலைபடுகடாம் இங்கே உறையும் சிவனை 'காரி உண்டிக் கடவுள்' என்கிறது, நஞ்சை உண்டவர் என்று பொருள். எப்போதோ படித்தது, விடியற்காலையில் வரிசையில் நிற்கும்போதுதான் நினைவுக்கு வந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம் குடம் நிறையக் கொண்டுவந்து ஊற்றியது. என் கையில் இருந்தது, தாராளமாகச் சொன்னால், ஒரு சொம்பு. பாலை ஊற்றிவிட்டு அதையும் ஊற்றினேன். நஞ்சையே வாங்கிக்கொண்டவர், நாங்கள் குடித்து மிச்சம் வைத்ததையும் வாங்கிக்கொண்டார். லிங்கத்தின் மேல் கை வைத்தபோது கல் அவ்வளவு ஜில்லென்று இருந்தது.

இறங்கும்போது முட்டி இரண்டும் தனியாக ஆடின. மார்கழி முதல் தேதி இந்த மலையைச் சுற்றிக் கிரிவலம் போவார்களாம், மாமா இப்போதே கூப்பிடுகிறார். சரி என்றேன், கேனை அவர் தூக்குவதாக இருந்தால்.