கண்ணாடி வீட்டில் இரண்டு வருசம்

போர் முடிந்து நாலைந்து வருசத்துக்குப் பிறகு, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் சுற்றிய ஒரு கானிவலில் கண்ணாடி வீடு என் பொறுப்பு. ரிக்கற் கிழிப்பது, தூசு துடைப்பது, ஊர் மாறும்போது கழற்றிப் பூட்டுவது எல்லாம் நான்தான்.

கண்ணாடி என்று பெயர். முக்கால்வாசி மினுக்கின எவர்சில்வர் தகடு. மரச்சட்டத்தில் வளைத்து அடித்திருக்கும். தூண்போல வெளியே புடைத்தால் ஆள் ஒல்லி, உள்ளே குழிந்தால் அகலம். வளைவு பிசகினால் உருவம் கலங்கிப் போகும், சனம் சிரிக்காது. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகையில் லொறியில் பாரம் சரிந்து, நல்ல தகடொன்று நெளிந்துவிட்டது. விடியும்வரை நெல்லுச் சாக்கை மடித்துப் பின்னால் வைத்து, முழங்காலால் அமத்தி அமத்தி வளைவை மீட்டேன்.

பிறகொரு நாள் சிட்னியிலிருக்கும் அக்காவின் மகன் லூனா பார்க் என்ற கேளிக்கைப் பூங்காவிலிருந்து வீடியோ கோல் எடுத்தான். "மாமா, இங்க பாருங்கோ, சாக்கில இருந்து சறுக்கினம்!" உயரமான மரச் சறுக்கல், கீழே சணல் சாக்கு. கோனி ஐலன்ட் என்ற அந்த வேடிக்கை வீடு 1935 இல் திறந்தது. பெயர் நியூயோர்க் கடற்கரையினுடையது. உருளும் பீப்பாய்க்குள் நடக்கலாம். சுழலும் வட்டப் பலகை ஆளை விசிறி எறியும். கோணல் கண்ணாடிகளும் உண்டு. பூங்காவின் பொறிகள் பல, அடிலெய்டுக்குப் பக்கத்தில் கிளெனெல்க்கில் மூடிய பூங்காவிலிருந்து கழற்றி வந்து பூட்டியவை. அதைக் கேட்டதும் முகம் தெரியாத அந்தத் தொழிலாளர்கள் எனக்குச் சொந்தக்காரர் ஆனார்கள்.

1979 ஜூன் 9 இரவு அங்கே பேய் ரயில் தீப்பிடித்து ஆறு பிள்ளைகளும் ஒரு தகப்பனும் இறந்தார்கள். பூங்கா மூடியது. அதன்பிறகு திறப்பதும் மூடுவதுமாகப் பல வருசம். ஓவியர்களும் ஊர்ச்சனமும் விடாமல் நின்றதால்தான் மிஞ்சியது. அந்தப் பழைய வேடிக்கை வீடு இன்றும் இருக்கிறது. அங்கே பாதி வேலையைச் செய்வது வந்த சனத்தின் உடம்புதான். அதனால்தான் அலுக்கவில்லை என்று நினைக்கிறேன்.

முள்ளியவளையில் ஓரிரவு ஜெனரேற்றர் நின்றது. இராட்டினம் நின்றது, பாட்டு நின்றது. சனம் போன் ரோர்ச்சை அடித்துக்கொண்டு என் கூடாரத்துக்குள் வந்தது. செயற்கைக் கால் போட்ட ஒரு அண்ணை, இடுப்புக்குக் கீழே கட்டையாகக் காட்டும் தகட்டின் முன்னால் நின்றார். என் முழங்கால் பட்ட தகடு அதுதான். மகளைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இஞ்ச வா. இதில எல்லாருக்கும் ஒரே கால்தான்."

அவள் ஓடிவந்து பக்கத்தில் நின்றாள். நான் ரோர்ச்சைப் பிடித்தேன்.