சீருடைத் துணியும் மணல் சட்டியும்: விசுவமடு நாட்குறிப்பு

டிசம்பர் 4

பள்ளிக்கூடத்தில் இன்று சீருடைத் துணி கொடுத்தார்கள். மகளுக்கு வெள்ளை. மகனுக்கு மேலுக்கு வெள்ளை, காற்சட்டைக்கு நீலம். 1993இல் தொடங்கிய இலவசச் சீருடை இது. இடையில் சில வருடங்கள் துணிக்குப் பதில் வவுச்சர் தந்தார்கள், இப்போது மறுபடி துணி. எங்களைப் போல தோட்டம் செய்யும் வீடுகளுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது மாரி காலத்தில் கடைக்குப் போய் வருகிறவர்களுக்குத் தெரியும்.

வந்த உடனேயே துணியை வாளித் தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டேன். இரவு முழுக்கக் கிடக்கட்டும். சுருங்குகிற துணி வெட்டுவதற்கு முன்பே சுருங்கி முடிய வேண்டும். நாளை முறுக்கிப் பிழியாமல் தண்ணீரை வடியவிட்டு, கொடியில் இழுத்துப் போட வேண்டும். முறுக்கினால் இழை கோணும். கோணிய துணியில் எவ்வளவு நேராக வெட்டினாலும் நாலு தோய்ச்சலில் பக்கத் தையல் முன்னுக்குத் திரும்பி நிற்கும்.

டிசம்பர் 7

அளவு எடுத்தேன். மகள் ஜனவரியில் தரம் ஆறுக்குப் போகிறாள். வளருகிற வயது. தையல்கடையில் கொடுத்தால் வடிவாகத் தைத்துத் தருவார்கள், ஆனால் தையலுக்கு உள்ளே அரை அங்குலம்தான் விடுவார்கள். ஆவணி வரும்போது அந்தச் சட்டை நெஞ்சில் பிடிக்கும், முழங்காலுக்கு மேலே ஏறும். நல்ல துணி, கிழியவும் இல்லை, போடவும் முடியாது. அதனால்தான் பிள்ளைகளின் சீருடையை வீட்டிலேயே தைக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நிற்கிறேன்.

வளர்த்திக்கு விடுவதில் ஒரு முறை உண்டு. பக்கத் தையலில் இரண்டு பக்கமும் ஒன்றரை அங்குலம். கீழ்மடிப்பு நாலு அங்குலம். இடுப்பில் மேல்பகுதியும் கீழ்ப்பகுதியும் சேருகிற இடத்தில் உள்ளே ஒரு அங்குலம். இவற்றோடு, கீழ்மடிப்புக்குச் சற்று மேலே உள்பக்கமாக ஒரு மடிப்பைப் பிடித்து, பெரிய தையலாகப் போட்டு வைப்பேன். ஆடி ஆவணியில் அதைப் பிரித்தால் ஒரு அங்குலம் இறங்கும். அடுத்த வருடம் கீழ்மடிப்பைப் பிரிக்கலாம். தோள்பட்டையிலும் கழுத்திலும் மட்டும் கூடுதலாக விடக்கூடாது. அங்கே தளர்ந்தால் பிள்ளை இரவல் சட்டை போட்டது மாதிரித் தெரியும். அது பிள்ளையின் மனதையும் வருத்தும். கழுத்தும் தோளும் அளவாக இருந்தால், மற்ற இடத்தில் உள்ள தளர்ச்சியை ஒருவரும் பார்ப்பதில்லை.

பிரித்த இடத்தில் பழைய மடிப்பின் கோடு தெரியும் என்பார்கள். வெள்ளைத் துணியில் அது பெரிய பிரச்சினை இல்லை. தோய்த்து, நீலம் போட்டு, ஈரத்தோடு சூடாக அழுத்தினால் முக்கால்வாசி மறையும்.

டிசம்பர் 10

விடிய முதல் மழை. இரணைமடுக் குளத்தில் வான் கதவு திறப்பார்கள் என்று கதை.

இந்த ஈரத்துக்குக் கால் மெஷினின் தோல் வார் தளர்ந்துவிடும். மிதித்தால் கீழ்ச்சில்லு சுற்றும், மேல்சில்லு நிற்கும். பலர் மெஷின் பழுது என்று திருத்துகிறவரைத் தேடுவார்கள். வாரின் கம்பியைக் கழற்றி, கால் அங்குலம் வெட்டி, புதுத் துளை போட்டு மறுபடி கொளுவினால் சரி. அதற்கு மேலே வெட்ட வேண்டாம், மிதி பாரமாகும். எண்ணெயும் விட்டேன். மெஷின் எண்ணெய்தான் விட வேண்டும். தேங்காய் எண்ணெய் விட்டால் அன்றைக்கு நன்றாக ஓடும், பிறகு உள்ளே பிசினாக இறுகிவிடும்.

இந்த மெஷின் மீள்குடியேறி வந்த பிறகு வாழ்வாதார உதவியில் கிடைத்தது. மாமியின் பழைய மெஷின் 2009இல் போய்விட்டது. கால் கட்டையை வீட்டிலேயே விட்டு, தலைப்பகுதியை மட்டும் உரப்பையில் சுற்றி மாமா சைக்கிளில் கட்டிக்கொண்டு போனாராம். கடைசியில் அதையும் ஓரிடத்தில் வைத்துவிட்டு நடக்க வேண்டி வந்தது. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய் போதாமல், ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் அந்த மெஷினில்தான் மாமி ஊருக்கே தைத்தார். அந்த வெளிச்சத்தில் தைத்த கைக்கு இன்றும் ஊசியில் நூல் கோர்க்கக் கண்ணாடி தேவையில்லை.

டிசம்பர் 13

பக்கத்து வீட்டுத் தங்கச்சி வந்தாள். அறிவியல்நகர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை. "நாள் முழுக்கச் சட்டைக் கைதான் பூட்டுறன் அக்கா. ஒரு சட்டையை முதலில இருந்து முடிய மட்டும் நான் தைச்சதில்லை. பழக்கிவிடுங்கோ" என்றாள்.

கொலர் வெட்டுவதைக் காட்டினேன். பழைய பேப்பரில் முதலில் வரைந்து, மடித்து வெட்டி, பிள்ளையின் கழுத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் துணிக்குக் கத்தரி போக வேண்டும். அவள் எனக்குக் காட்டியது அதைவிடப் பெரியது. கை பூட்டும்போது கையின் மேல்வளைவு தோள்வளைவைவிடக் கொஞ்சம் நீளமாக இருக்கும். நாங்கள் அதை ஊசி குத்தி, சுருக்கிழுத்து, பாடுபட்டு ஒட்டுவோம். அவள் கையைக் கீழேயும் சட்டையை மேலேயும் வைத்து அப்படியே ஓட்டினாள். மெஷினின் பல் கீழ்த்துணியைத்தான் கூட இழுக்கும், அதனால் நீளமான பக்கம் கீழே இருந்தால் தானாகவே உள்வாங்கிக்கொள்ளும். ஒரு சுருக்கம் இல்லை. வளைவு உருண்டு நின்றது. இவளின் கைக்கு உரிய மதிப்பை ஊர் கொடுக்க வேண்டும்.

டிசம்பர் 17

நீலத் துணி தடிப்பு. அதற்கு 16ஆம் இலக்க ஊசி மாற்றினேன். வெள்ளைக்கு 14 போதும். காற்சட்டை முடிந்தது, இடுப்பில் இழுவை நாடாதான் பாக்கி.

மழை விட்டதும் நுளம்பு கூடிவிட்டது, மிச்ச நேரம் நுளம்பு வலை தைத்தேன். இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது. மாமியின் காலத்தில் வன்னியில் அந்தக் காய்ச்சல் காணாத வீடே இல்லையாம். இப்போது டெங்கு. அந்த நுளம்பு பகலில் கடிக்கும், ஆகவே சின்னப் பிள்ளை பகலில் தூங்கினாலும் வலை வேண்டும். வலையின் ஓட்டையை நூலால் இழுத்துக் கட்டினால் சுற்றியுள்ள கண்கள் அகலும். பழைய வலையில் வட்டமாக ஒரு துண்டு வெட்டி, மேலே வைத்து, ஓரத்தைச் சுற்றிக் கையாலேயே தைப்பது நல்லது.

டிசம்பர் 21

பிள்ளைகளுக்கு விடுமுறை. கேக்கும் பிஸ்கட்டும் கேட்டுத் தொந்தரவு. வீட்டில் மின்சாரப் போறணை இல்லை, தேவையும் இல்லை. முறிகண்டியில் பிள்ளையாரைக் கும்பிட இறங்குகிறவர்கள் வாங்கும் கச்சான் சுடுமணலில்தான் வறுபடுகிறது. மணல் சூட்டை ஒரே சீராக வைத்திருக்கும். எங்கள் போறணையும் அதுதான்.

தடித்த அலுமினியச் சட்டி. அடியில் இரண்டு அங்குலம் ஆற்றுமணல், கழுவிக் காயவைத்து அரித்தது. நடுவில் ஒரு இரும்பு வளையம், அதன் மேல் தட்டு. மூடி போட்டு, மூடிக்கு மேலே சிரட்டைத் தணல். கீழே அடுப்பில் தீ மெதுவாக எரிய வேண்டும். கால் மணி நேரம் சூடேறியதும் உள்ளே ஒரு வெள்ளைக் கடதாசித் துண்டு வைத்துப் பார்ப்பேன். ஐந்து நிமிடத்தில் இளம் பழுப்பானால் பதம். கருகினால் தணலைக் கொஞ்சம் இறக்க வேண்டும்.

பிஸ்கட்டுக்கு குரக்கன் மா 100 கிராம், கோதுமை மா 100 கிராம், மாஜரின் 100 கிராம், சீனி 80 கிராம், வறுத்துக் கோது நீக்கி இடித்த கச்சான் இரண்டு கைப்பிடி, ஒரு சிட்டிகை உப்பு. குரக்கன் மாவை முதலில் பச்சை வாசம் போக வறுக்க வேண்டும். குரக்கனில் பசைத்தன்மை இல்லை, தனியாகப் போட்டால் உதிரும், அதனால்தான் பாதிக்குப் பாதி. மாஜரினையும் சீனியையும் குழைத்து, மாவும் கச்சானும் சேர்த்து, பால் தெளித்து உருட்டித் தட்டினால் போதும். இருபது நிமிடத்தில் வேகும். எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும், ஆறத்தான் மொறுமொறுப்பு வரும். பொறுமை இல்லாத மகன் இரண்டை உடைத்துவிட்டான். உடைந்ததும் நல்ல ருசி.

டிசம்பர் 24

நத்தாருக்கு முன்வீட்டு அக்கா எப்போதும் கேக் தருவார். அவருக்கும் ஒன்று கொடுக்க ஆசை. மாமி விரதம், ஆகவே முட்டை இல்லாமல்.

எருமைத் தயிர் ஒரு கோப்பை, சீனி 150 கிராம், எண்ணெய் அரைக் கோப்பை. நன்றாக அடித்து, அரைத் தேக்கரண்டி அப்பச்சோடாவும் ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் கலந்து அரித்த கோதுமை மா 200 கிராமைச் சேர்த்தேன். தயிரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்தவுடன் பொங்கத் தொடங்கும், அந்தக் காற்றுதான் கேக்கை எழுப்பும். அதனால் மாவைக் கலந்து வைத்துவிட்டு அடுப்பு மூட்டப் போகக்கூடாது. சட்டி முதலே சூடாகித் தயாராக இருக்க வேண்டும். எண்ணெய் தடவிக் கடதாசி வைத்த பால்மாப் பேணியில் ஊற்றி உள்ளே வைத்து, முக்கால் மணி நேரம். முதல் அரை மணிக்குள் மூடியைத் திறக்கக் கூடாது. பிறகு ஈர்க்கு குத்திப் பார்த்தேன். ஒட்டாமல் வந்தது.

முன்வீட்டு அக்கா வெட்டிப் பார்த்துவிட்டு, "முட்டை போடேல்லையோ, உண்மையோ?" என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு தன் ரவைக் கேக்கில் பெரிய துண்டு வெட்டித் தந்தார்.

டிசம்பர் 29

வெயில் இல்லை, தோய்த்த சீருடை காயவில்லை. சிரட்டைத் தணலைக் கரி ஸ்திரிக்கைப் பெட்டிக்குள் போட்டு அழுத்தி எடுத்தேன். வெள்ளைக்கு மேலே எப்போதும் ஒரு பழைய பருத்தித் துணி விரித்துத்தான் அழுத்த வேண்டும், ஒரு பொறி விழுந்தால் போதும், துணி போய்விடும்.

மகள் போட்டுப் பார்த்தாள். தோள் சரி, கழுத்து சரி. "அம்மா, இது எனக்குத் தரம் ஏழுக்கும் வருமோ?" என்று கீழ்மடிப்பைத் தானே திருப்பிப் பார்த்தாள். எங்கே பிரிக்க வேண்டும் என்று காட்டினேன். தானே பிரிக்கப் போகிறாளாம்.

ஜனவரி 2

வெட்டி மிஞ்சிய வெள்ளைத் துண்டுகளில் லேஞ்சி. மகள் நாலு ஓரமும் மடித்துத் தைத்தாள். மூலையில்தான் தடித்து நின்றது. மூலையைச் சரிவாக வெட்டிவிட்டு மடிக்கச் சொன்னேன், இரண்டாவது நன்றாக வந்தது. மகன் தனக்குப் புத்தகப் பை வேண்டும் என்கிறான். மாமியின் பழைய சீலை ஒன்று இருக்கிறது, இரட்டை மடிப்பாக வெட்டினால் பாரம் தாங்கும், பிடிக்கு உள்ளே மட்டும் உரப்பைத் துண்டு வைக்க வேண்டும். 16ஆம் இலக்க ஊசி ஒன்றுதான் மிச்சம். நாளை கிளிநொச்சிச் சந்தைக்குப் போகும்போது ஊசியும் நீல நூலும் வாங்க வேண்டும்.